முத்துவடிவு கேட்ட பந்தல்

முத்துவடிவு ஜெயித்த காரியங்களை வரிசையாகச் சொல்வதென்றால் விஷக்காய்ச்சலில் இருந்து தொடங்க வேண்டும். ஆறு வயதில் வந்த அந்தக் காய்ச்சலுக்கு வைத்தியரே கையை விரித்துவிட்டார். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கால்கள் துவண்டு போயின. இலஞ்சியில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் கரைக்கற்களைப் பிடித்துக்கொண்டு, நடை பழகும் பிள்ளை போல மறுபடியும் நடந்து வந்தாள். அடுத்தது, தாய் இல்லாத வீட்டில் சிரிக்கத் தெரிந்தவளாக வளர்ந்தது. அதற்கும் அடுத்தது, பெண் பார்க்க வந்து காப்பியைக் குடித்துவிட்டு, "படிப்பு இல்லையாமே" என்று எழுந்து போனவர்களை, அவர்கள் தலை தெருமுனையில் மறையும் முன்பே மறந்தது. அப்புறம் கோமதியம்மாளை ஜெயித்தாள். கடைசியில் ஒரு பேனாவை.

காய்ச்சலோடு போன பள்ளிக்கூடம் பிறகு திரும்பி வரவில்லை. வீட்டில் படித்தவள் அக்கா ரெங்கம்மாள்தான். அதுவும் ஐந்தாம் வகுப்பு வரை. அப்பா மாடன் குத்தகைக்கு வயல் பார்த்தார். வடிவு வளர்ந்ததும் குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு வேலைக்குப் போனாள். அறைகளைப் பெருக்குவது, படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுவது. சம்பள நாளில் மேனேஜர் அவள் பெருவிரலைப் பிடித்து மைத்தட்டில் அமுக்கி, காகிதத்தில் ஒற்றி எடுப்பார். அந்த நீலத்தைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பாள்.

ஒரு சாரல் சீசனில் தப்பு ஒன்று நடந்தது. யாரோ விட்டுப்போன புதுச் சிவப்புத் துண்டு வெள்ளை விரிப்புகளோடு சேர்ந்து தொட்டிக்குள் போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் அத்தனை விரிப்பும் இளம் ரோஸ். மேனேஜர் விடுதியே அதிரக் கத்தினார். வடிவு சலவைச் சோடாவில் ஊறவைத்து, வெயில் வந்தபோதெல்லாம் விரித்து, அவற்றைப் பழையபடி வெள்ளையாக்கிக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள். ஆனால் கிழிந்துபோன ஒரு விரிப்பின் மூலையை மட்டும் ரோஸாகவே வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள். சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

அந்தப் பெட்டியில் ஒரு படப் புத்தகமும் இருந்தது. பட்டணத்துக் குடும்பம் ஒன்றின் பிள்ளை கட்டிலுக்கடியில் போட்டுவிட்டுப் போனது. கேட்டு யாரும் வராததால் மேனேஜர் அவளையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒரு ராஜகுமாரியின் கல்யாணக் கதை. கூம்பு கூம்பாக அரண்மனை, குதிரை வண்டி, மரத்துக்கு மரம் தொங்கும் மாலைகள். பக்கத்துக்குப் பக்கம் இளம் ரோஸ், இளம் மஞ்சள், இளம் நீலம். எங்கேயும் ஓர் அடர்ந்த நிறம் கிடையாது.

"என்னக்கா எழுதிருக்கு?"

"இங்கிலீசுட்டி. ஏ பி சி டி வரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல அவங்க வேகமா போறாங்க."

எனவே கதையை வடிவே சொல்லிக்கொண்டாள். அவள் கதையில் அந்த ராஜகுமாரி குற்றால மலையில் தேனருவிக்கும் மேலே குடியிருந்தாள். அவளுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

மேலகரத்துத் திருமலைக்குமார் பட்டாளத்தில் இருந்தான். லீவில் வந்திருந்தபோது இலஞ்சிக் குமாரர் கோயிலில் வடிவைப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்கச் சொன்னவன் அவன்தான். படிப்பு இல்லை என்று மாடன் முதலிலேயே சொன்னார். "எனக்குப் பட்டாளத்துல வாத்தியார் வேலை இல்ல மாமா" என்று சொல்லிவிட்டான். நிச்சயம் முடிந்து, காஷ்மீர்ப் பக்கம் போனவன் கடிதம் எழுதத் தொடங்கினான். வாசிப்பது ரெங்கம்மாளின் பாடாயிற்று.

"'இங்கு எங்கு பார்த்தாலும் பனி. விடியும்போது மட்டும் அதன் மேல் ஓர் இளம் ரோஸ் நிறம் விழும். அதைப் பார்க்கும்போது எனக்கு உன்னுடைய...'" ரெங்கம்மாள் நிறுத்தினாள்.

"மேல?"

"மேல ஒண்ணுமில்ல."

"இன்னும் அரைப்பக்கம் கெடக்கே."

"அது ஒனக்கு எழுதினது. நான் எதுக்கு வாசிக்கணும்?"

"எனக்கு எழுதினத நீதான வாசிச்சாவணும்."

ரெங்கம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, மளிகைக் கணக்குச் சொல்வது போல மீதியை ஒப்பித்தாள். வடிவுக்குக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. கல்யாணத்தை உன் இஷ்டப்படி வைத்துக்கொள் என்று அவன் எழுதியிருந்தான்.

அன்றே வடிவு இரண்டு ஆசைகளை அக்காவிடம் சொன்னாள். ஒன்று, வீட்டு வாசல் பந்தல் அந்த நிறங்களில் இருக்க வேண்டும். பனியில் அவன் தனியாகப் பார்க்கிற நிறத்துக்குக் கீழே அவனை நிறுத்த வேண்டும். இன்னொன்று, தாலி கட்டி முடிந்ததும் கோயில் கல்யாணப் பதிவேட்டில் அவள் கைநாட்டு வைக்கமாட்டாள். "சம்பளம் வாங்குத மாதிரி மாப்பிள்ளைய வாங்க முடியாதுக்கா."

இரண்டாவது ஆசைக்கு ரெங்கம்மாள் வாய்க்கால் துவைகல்லைப் பலகையாக்கினாள். விரலைத் தண்ணீரில் தொட்டு 'முத்துவடிவு' என்று எழுதிக் காட்டுவாள். வடிவு அதன் கீழே எழுதுவாள். கல் சூடு. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து காய்ந்து மறைந்துவிடும்.

"முழுப்பேரையும் நான் ஒருநாளாவது பாப்பனாக்கா?"

"வெரசா எழுதுட்டி."

முதல் ஆசைக்குத்தான் தடை வந்தது. வடிவு சேர்த்த பணத்தில் காடாத் துணி வாங்கி, கஞ்சி போக அலசி, சாயப்பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு ரோஸும் நீலமும் நனைத்துக் கொடியில் போட்டிருந்தாள். ஆடிக் கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா கோமதியம்மாள் சீர்ச் சாமான் விஷயம் பேச வந்தவள், கொடிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். வெள்ளைச் சேலை, வெற்று நெற்றி. புருஷன் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது.

"இதென்ன அண்ணாச்சி, கொடியில?"

"பந்தலுக்குத் தங்கச்சி. பிள்ளை ஆசைப்படுதா."

"வெளுத்துப்போன துணியாட்டும்லா இருக்கு."

"வெளுக்கல அத்தை," என்றாள் வடிவு. "இதான் நெறம்."

"நெறம்னா செவப்பு ஒண்ணு இருக்கு, மஞ்சள் ஒண்ணு இருக்கு. இது என்ன, நெறத்துக்குக் காய்ச்சல் கண்ட மாதிரி."

ரெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கோமதியம்மாள் சிரிக்கவில்லை. தன் சேலைத் தலைப்பை எடுத்து ரோஸ் துணிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"ரெண்டு மழை பெஞ்சா ஒன் துணி இதாயிரும். இருவது வருசமா நான் உடுத்துத நெறம். என் மவன் துப்பாக்கியத் தூக்கிட்டு எல்லையில நிக்கான். அவன் கல்யாணத்தன்னைக்கு வாசல்ல நான் வெள்ளையக் கண்டேன்னா, அப்படியே வண்டியத் திருப்பிருவேன். அண்ணாச்சி, நீங்க கோவிச்சாலும் சரி. அவன் லீவு முடிஞ்சு ரயிலேறிருவான். அடுத்த லீவுக்கு என் அண்ணன் மவ இருக்கா."

அவள் போன பிறகு மாடன் கொடிப் பக்கம் வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "செவப்புத் துணி வாங்கிருவோமாட்டி?" என்றார். ரெங்கம்மாளும் அதையே சொன்னாள். வடிவு கொடித் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதியம்மாள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. எல்லை என்று சொல்லும்போது அத்தை அந்தத் தலைப்பைக் கசக்கிப் பிடித்ததை அவள் பார்த்திருந்தாள். அதனால்தான் பயம் கூடியது. வீம்புக்குச் சொல்கிறவள் இறங்கி வருவாள். பயத்தில் சொல்கிறவள் சொன்னதைச் செய்துவிடுவாள்.

"அத்தை வெள்ளை கூடாதுன்னுதான சொன்னாவ?" என்றாள் கடைசியில். "இது வெள்ளையாவாம நான் பாத்துக்கிடுதேன்."

அதன்பின் அவளுக்கு நிம்மதியான தூக்கம் இல்லை. குற்றாலத்துச் சாரலை ஊருக்கு வருகிறவர்கள் கொண்டாடுவார்கள். துணி துவைக்கிறவளுக்கு அது பிடிகொடாத சங்கதி. வெயில் இருக்கும்போதே மலையில் இருந்து பொடிப்பொடியாக இறங்கிவிடும். வடிவு துணிகளை உப்பும் படிகாரமும் போட்டு மறுபடி நனைத்தாள். சாரலில் போட்டாள், வெயிலில் போட்டாள், அலசிய தண்ணீரைச் செம்பில் பிடித்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தாள். ரோஸும் நீலமும் நின்றன. இளம் மஞ்சளுக்கு மட்டும் கடைப்பொடி ஒத்துவரவில்லை. எவ்வளவு குறைத்தாலும் கண்ணைக் குத்தியது. வீட்டில் இடித்த மஞ்சளைக் காய்ச்சி வடித்து அதில் முக்கினாள். அதுதான் படத்தில் இருந்த மஞ்சள். அதையும் மழைக்குக் காட்டினாள், வெயிலுக்குக் காட்டினாள். இலேசாக வாடியது, ஆனாலும் வெளுக்கவில்லை.

அப்பா மூங்கிலைச் சீவி வாசல் வளைவுக்குச் சட்டம் கட்டினார்.

"கோபுரமா வேணும், எப்படி?"

"கூம்புப்பா. ரெண்டு பக்கமும் கூம்பு."

"சோறு வடிக்குத கூடையக் கவுத்து வச்ச மாதிரியா?"

"ஆமா. அது மேல கொடி."

தென்காசி ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டும் முகம்மது மீரான் மாடனுக்குப் பழக்கம். மாப்பிள்ளை மேலகரத்தில் இருந்து அந்த வண்டியில்தான் வர வேண்டும் என்று வடிவு போய்க் கேட்டாள்.

"குதிரைக்கு ரோஸ் துணி போத்தணும் மாமா. நான் தைச்சுத் தாரேன்."

"குதிரைக்கா? தாயி, அது ரயிலடியில சவாரிக்கு நிக்குத குதிரை. கல்யாணம் தனக்குத்தான்னு நெனச்சுட்டா மறுநாள் வேலைக்கு வராது."

"ஒருநாள் நெனச்சுக்கிடட்டுமே."

மீரான் தாடியைத் தடவிக்கொண்டார். "சரி. அதுக்கும் யாரு செய்யப்போறா."

திருமலைக்குமார் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் வந்து இறங்கினான். கல்யாணத்துக்கு முன்னால் வரக் கூடாது என்ற முறைக்காக அவன் பெண் வீட்டுக்கு வரவில்லை. அம்மா சொன்னது அவன் காதுக்கு எட்டியதா என்றுகூட வடிவுக்குத் தெரியவில்லை. யாரைவிட்டுக் கேட்பது, என்னவென்று கேட்பது? கூடையில் இருந்த துணிகளை எண்ணி எண்ணி மடித்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் பந்தலுக்குக் கமுகங்கால்கள் நட்டார்கள். வீட்டின் உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்த மாடனுக்குச் சட்டியில் கொஞ்சம் மீதி இருந்தது. மகள் பந்தலில் கால்கள் மட்டும் கறுத்து நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் எல்லாக் கால்களுக்கும் பூசிவிட்டார். அந்தியில் வடிவும் ரெங்கம்மாளும் துணி கட்டினார்கள். மேலே ரோஸ், ஓரத்தில் நீலம், கால்களைச் சுற்றி இளம் மஞ்சள். "அப்பா பூசினதும் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னாலும், வெள்ளை வெளியே தெரியாதபடி வடிவே தன் கையால் மஞ்சள் துணியை இழுத்துச் சுற்றினாள். மழைக்கும் வெயிலுக்கும் காட்டியவளுக்கு, சுண்ணாம்புக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. வீட்டுக்குள் அதே நேரத்தில் ஒரு சித்தி, காலையில் மாப்பிள்ளைக்கு எடுக்க வேண்டிய ஆலத்துக்கு, ஆரத்திக் கரைசலுக்கு, மஞ்சளையும் சுண்ணாம்பையும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

விடிகிற நேரத்தில் சாரல் இறங்கியது. ஓட்டில் சத்தம் கேட்டதும் வடிவு எழுந்து, தலை வாரினது பாதியாக வாசலுக்கு ஓடினாள். அண்ணாந்து பார்த்தாள். ரோஸ் அப்படியே இருந்தது. நீலமும் இருந்தது. மூச்சை விட்டுக் கண்ணை இறக்கியவள் அப்படியே நின்றாள்.

கால்களில் சுற்றிய மஞ்சள் துணியெல்லாம் சிவந்திருந்தது. மேலே திட்டுத் திட்டாக, கீழே வரவரக் கோடு கோடாக வழிந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த ரெங்கம்மாள், "ஐயோ, ரத்தமாட்..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. வடிவுக்கும் அதுதான் தெரிந்தது. வெள்ளை வராமல் காத்தது எல்லாம் போய், பட்டாளத்துக்காரன் கல்யாணப் பந்தலில் இது வந்து நிற்கிறது. மாடன் வந்து பந்தல்காலைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய ஈரச் சுண்ணாம்பையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. "அவுத்துருவோம்," என்றார்.

கட்டின முடிச்சுகள் மழையில் நனைந்து இறுகியிருந்தன. அரிவாள்மணையை எடுத்து வருவதும் வேறு துணி தேடுவதும் நடந்துகொண்டிருக்கும்போதே நேரம் போயிற்று. வடிவைப் பிடித்து உள்ளே இழுத்து, சேலை உடுத்தி, பூ வைத்தார்கள். இளம் ரோஸ் பட்டு, அதற்கு அரக்குக் கரை. அதை மட்டும் கோமதியம்மாளுக்காகக் கேட்டு வாங்கியிருந்தாள். பூ வைத்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் சலங்கைச் சத்தம் கேட்டது. மீரானின் குதிரை.

பெண் உள்ளே இருக்க வேண்டும். வடிவு வாசலுக்கு வந்துவிட்டாள்.

ரோஸ் துணி போர்த்திய குதிரை தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. வண்டியில் இருந்து திருமலைக்குமார் இறங்கினான். அவனுக்குப் பின்னால் கோமதியம்மாள். பின்னோடு நடந்து வந்த உறவுக்காரர்கள் வாசலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "இதென்னது, ரத்தம் வடியுத மாதிரி," என்று ஒரு குரல் கேட்டது. ஆலத்தட்டு ரெங்கம்மாளின் கையில் தளும்பியது.

கோமதியம்மாள் ஒரு கையை வண்டியிலேயே வைத்திருந்தாள். வடிவு அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

"அத்தை," என்றாள். "வெள்ளை இல்ல அத்தை. நல்லாப் பாத்துக்கிடுங்க. எங்கயும் இல்ல."

கோமதியம்மாள் வண்டியை விட்டுவிட்டு முதல் காலுக்குப் பக்கத்தில் வந்தாள். சிவந்த துணியை இரண்டு விரலால் தேய்த்தாள். மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"மஞ்சளா?"

"வீட்டு மஞ்சள் அத்தை."

"காலுக்குச் சுண்ணாம்பு அடிச்சது ஆரு?"

"நாந்தான் தங்கச்சி," என்றார் மாடன். "நேத்து. தெரியாமப் பண்ணிட்டேன்."

அவள் ரெங்கம்மாள் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். மறுபடி துணியைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே நிறம்.

"நானும் எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கேன்," என்றாள். "மாப்பிள்ளைக்கு ஒரு தட்டுதான் ஆலம் எடுப்பாங்க. இங்க காலுக்குக் கால் எடுத்து வச்சிருக்கு."

பந்தலின் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, அந்த ஈரத் துணியில் விரலை அழுத்தி, மகன் பக்கம் திரும்பினாள். அவன் குனிந்தான். அவன் நெற்றிக்குக் கொஞ்சம் முன்னால் விரல் நின்றது. இருபது வருஷமாக அவள் எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நின்றதில்லை. சுற்றி நின்றவர்கள் அதை நினைத்தார்கள், அவளும் நினைத்தாள்.

"வைங்க அத்தை," என்றாள் வடிவு.

வைத்தாள். வைத்த விரலைத் தன் வெள்ளைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். சிவப்பு அதில் ஒட்டியது. அதை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"ஆனா அந்த ரோஸு எனக்கு இன்னும் புடிக்கல," என்றாள்.

திருமலைக்குமார் அதற்குள் பந்தலுக்குள் வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். சாரல் விட்டு, துணிக்கு மேலே வெளிச்சம் வந்திருந்தது. அவன் சட்டை, முகம் எல்லாம் இளம் ரோஸாகத் தெரிந்தன.

"அம்மா," என்றான், "நான் இருக்குத எடத்துல விடியக்காலம் இப்படித்தான் இருக்கும்."

கோமதியம்மாளும் அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "குளிருமோ?" என்றாள்.

"குளிரும்."

"அப்பச் சரி, ரோஸு இருந்துட்டுப் போட்டும். வெரசா ஆலத்த எடுங்க, முகூர்த்தம் போவுது."

குமாரர் சன்னிதியில் தாலி ஏறியது. பிறகு கோயில் அலுவலகத்தில் பதிவேட்டை விரித்தார்கள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டான். எழுத்தர் வழக்கம்போல மைத்தட்டைத் திறந்து பெண்ணின் பக்கம் தள்ளி, "பெருவிரல வைம்மா," என்றார்.

வடிவு தட்டைத் திருப்பித் தள்ளினாள். திருமலைக்குமார் தன் பேனாவை நீட்டினான். துவைகல்லில் விரலாலும் ரெங்கம்மாளின் பழைய பென்சிலாலும் எழுதியிருக்கிறாள், மைப்பேனாவைத் தொட்டதில்லை. முள் காகிதத்தில் இடறி முதலில் ஒரு புள்ளி விழுந்தது. எழுத்தர் வாயைத் திறந்தார். ரெங்கம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். வடிவு வெரசாகத் தொடங்கினாள். 'மு' போட்டாள், 'த்' போட்டாள். காய்ந்துவிடும் என்ற பழக்கத்தில் கை ஓடியது. 'டி' வரும்போது தயங்கித் திரும்பிப் பார்த்தாள். முதல் எழுத்து அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. கடைசி எழுத்தை நிதானமாக வளைத்து முடித்து, பேனாவை எடுத்துவிட்டு, முழுப்பேரையும் பார்த்தாள். எதிரே எழுத்தர் தேதி போட்டார்: 1982 ஆகஸ்ட் 29, ஞாயிற்றுக்கிழமை.